கழுத்துக்குத் தேயிலைச் சாயம்

கிட்டாரின் கழுத்துக்குச் சாயம் ஏற்றுவது, ஏற்றி முடித்த பிறகே சரியா தவறா என்று தெரியவரும் வேலை. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், மேலே வார்னிஷ் ஏறினால் இன்னொரு நிறம். வீட்டுக் கதவுக்குச் சாயம் பூசிவிட்டு மறுநாள் காலையில் நெற்றியில் கை வைத்தவர்களுக்கு நான் சொல்வது நன்றாக விளங்கும். பதுளையில் உள்ள எங்கள் பட்டறையில் நெற்றியில் வைக்க நான்கு கைகள் உண்டு. என்னுடையவை இரண்டு, கூட வேலை செய்யும் சிவாவுடையவை இரண்டு.

புதுசு, ஆனால் பழசு

எல்லவில் ஒரு விடுதியில் மாலை நேரம் வாசிக்கும் தம்பி ஒருவர் கிட்டார் செய்யச் சொல்லி வந்தார். கழுத்து மட்டும் பல வருடம் புழங்கியது போல் இருக்க வேண்டும் என்றார். அதற்கு நான் கடைச் சாயம் வாங்குவதில்லை. தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி, துணியில் தொட்டு மூன்று நான்கு தடவை பூசினால் வெளிர் மரம் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

உழைக்காத மரத்துக்கு உழைத்த முகம் எதற்கு என்று எனக்குள் ஓர் உறுத்தல். அவரிடமே கேட்டேன்.

"புதுசுன்னா வெள்ளக்காரங்க ஒரு பாட்டோட எந்திரிச்சுப் போயிருவாங்கண்ணே. பழசுன்னாத்தான் பக்கத்துல வந்து கதை கேப்பாங்க."

இரும்புத் தாச்சி

வழக்கமாகச் சாயம் காய்ச்சும் அலுமினியச் சட்டி அன்று பார்த்து ஓட்டையாகிவிட்டது. சிவா மீன் பொரிக்கிற இரும்புத் தாச்சிச் சட்டியில் காய்ச்சினேன். பூசும்போது ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், எல்லத் தம்பியின் கிட்டார்க் கழுத்து தேன் நிறமாக இல்லை, கன்னங்கரேலென்று இருக்கிறது. தேயிலையும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏன் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை?

சிவா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அது என் அம்மாவின் விரல்களின் நிறம்.

"கிட்டார் கேட்டா, கொழுந்து எடுக்கிற கையச் செஞ்சு வச்சிருக்கீங்களேண்ணே!" என்றான்.

கறை கேட்டவர்

தம்பிக்கு வேறொரு கழுத்து செய்து கொடுத்த பிறகு, அடுத்து வந்தவர் அந்தோனி. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தொழிற்சாலை வேலை. அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு பழைய கிட்டாரைக் கொண்டு வந்தார். காற்று மழையில் லயத்து வீட்டுச் சுவரிலிருந்து விழுந்து, கழுத்து இரண்டாக முறிந்திருந்தது. ஒட்டித் தேறாது, புதிதுதான் போட வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு, முறிந்த கழுத்தின் பின்புறத்தைக் காட்டினார். பெருவிரல் ஓடும் இடத்தில் கறுப்பாக ஒரு தடம்.

கிட்டார் அவர் மனைவி ரீட்டாவுடையது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு பாட்டுப் பழகுவாராம். கொழுந்துச் சாறு ஊறிய விரல் தேய்ந்து தேய்ந்து விழுந்த கறை அது. போன வருடம் ரீட்டா காய்ச்சலில் இறந்துவிட்டார்.

"ரீட்டாவோட வருசப் பூசைக்கு மக வாசிக்கப் போறா, பாஸ். புதுக் கழுத்துலயும் இந்தக் கறை வேணும். அம்மா விரல் இருந்த எடத்துல அவ விரல் இருக்கணும்."

அளவாக ஒரு கறுப்பு

இந்த முறை தெரிந்தே தாச்சியை அடுப்பில் வைத்தேன். பழைய கழுத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, துணி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க என் பெருவிரலை அந்தத் தடத்தில் வைத்தேன். தடம் சிறியது. என் விரல் இரண்டு பக்கமும் வெளியே நின்றது. ஒரு பெண் பல வருடம் உழைத்துப் பதித்ததை நான் ஒரு மத்தியானத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு தடவை துணியைக் கீழே வைத்தேன். இரண்டு தடவையும் எடுத்தேன். முடிந்தபோது இரண்டு கழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இதுக்குப் பேரு சாயமாண்ணே, கள்ளக் கையெழுத்தா?" என்றான் சிவா.

தேசிக்காய்

வார்னிஷ் பூசுமுன் பார்த்துவிட்டுப் போக அந்தோனியை வரச் சொல்லியிருந்தேன். கறையின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோயிலுக்குப் போறதுக்கு முந்தி தேசிக்காய வச்சு விரலத் தேய்ச்சுக்கிட்டே இருப்பா, பாஸ். கறுப்பு விரலோட எல்லார் முன்னாடியும் வாசிக்க வெக்கம்னுவா. அவ வெக்கப்பட்டத எடுத்து நான் மக கையில குடுக்குறேனா?"

சிவா எழுந்து போய் ஒரு தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்தான். அந்தோனியே தேய்த்தார். எலுமிச்சைப் புளிச் சாறு பட்டதும் கறுப்பு தவிட்டு நிறமாகி, பிறகு வெளிறியது. ஆனாலும் மரத்தின் ரேகைகளுக்குள் நிழல் போல் கொஞ்சம் நின்றுவிட்டது. மணல்தாள் போட்டால் சுத்தமாக எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். அவர் கழுத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாஸ், இருக்கட்டும். அவ விரலும் இப்படித்தான், எவ்வளவு தேய்ச்சாலும் முழுசாப் போகாது."

இத்தனை காலம் சாயம் ஏற்றிப் பிழைத்த எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர், ஏற்றியது முழுதாக அழியவில்லை என்பதற்காகத்தான்.