கிரிஸ் கத்தியின் நுனி

எதை எழுத ஆரம்பித்தாலும் பாதியில் வழி தவறிவிடுவேன் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. பெரியப்பாவின் கத்தி என் கைக்கு வந்தது.
2. அதன் மேலிருந்த கறையைப் பற்றிப் பெரியம்மா நினைத்தது.
3. நான் அதன் நுனியைப் பாழாக்கியது.
4. மீன்காரத் தனகோட்டி வந்தது.

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கற்பூர வாசனை. அடியில் பழைய கம்பளி. அதற்கும் அடியில், காறிப்போன ஏதோ ஒரு எண்ணெய்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், சாந்தோமில் பெரியம்மா வீடு. நான் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார், வேலைக்கு வந்து இரண்டு வருடம். மலாயா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்து திரும்பிய பெரியப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இல்லை. பெட்டி எனக்கு என்று எழுதிவைத்திருந்தார். துணிகளுக்கு அடியில் மர உறையோடு ஒரு கத்தி கிடந்தது.

உறையை உருவினேன். கத்தி நேராக இல்லை. நெளிந்து நெளிந்து போய் ஊசியாக முடிந்தது. அதன் மேல் முழுக்கக் கருங்கறை.

“அது ரத்தண்டா” என்றார் பெரியம்மா. “ஒரு தடவை தொடப் போனேன். ‘தொடாதே, ஆகாது’ன்னாரு. முகமே மாறிப்போச்சு. அங்க யாரையோ என்னவோ பண்ணிட்டுத்தான் வந்திருக்காரு.”

“பெரியப்பாவா? கோழி அறுக்கிறப்பவே எழுந்து போயிடுவாரே.”

“அது ஏன்னு யோசிச்சியா?”

கொலை செய்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்யாமல் செத்தவருக்கு, பாவம் கழித்து மோட்சம் போகிற உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது, நரகந்தான். மாதா கோயிலில் பூசை வைத்தும் பிரயோஜனம் இல்லை என்பது பெரியம்மாவின் கணக்கு. பெரியப்பாவுக்காக ஜெபமாலை சொல்வதையே நிறுத்தியிருந்தார். வருஷப் பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்ள வந்த கோயில்பிள்ளையிடம், “அப்புறம் சொல்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் நூலகத்துக்குப் போனேன். படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் அதே கத்தி இருந்தது. மலாய்க்காரர்களின் கிரிஸ். வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணினேன். பன்னிரண்டு. அப்படியென்றால் இது போலிதானோ என்று ஒரு சந்தேகம். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். எப்படிச் சுத்தம் செய்வது என்று அந்தப் புத்தகத்தில் இருந்திருக்கும். நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

சனிக்கிழமை காலை, கொல்லைத் துவைக்கல்லில் உட்கார்ந்து, வீட்டில் பித்தளைச் சொம்பு துலக்குகிற மாதிரியே புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு நுனி புது ஸ்பூன் போல வெளுத்தது. கறை போனால் பெரியம்மாவின் பயமும் போகும் என்று நினைத்திருந்தேன்.

“பாத்தியா... தேய்ச்சா போவுது. ரத்தமேதான்” என்றார்.

அப்போதுதான் தனகோட்டி கூடையோடு கொல்லைப்பக்கம் வந்தாள். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் போடுபவள்.

“இன்னா நைனா பண்ணிக்கினு கீற? சொம்பா அது, புளி போட்டுத் தேய்க்க?”

“இது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“பினாங்குல தொரை வூட்ல ஆயாவா இருந்தவ நைனா நானு. பக்கத்து மலாய்க்காரன் வருசத்துக்கு ஒருவாட்டி இத்த எடுத்து எலுமிச்சம்பயம் தேச்சு, பாஷாணம் பூசுவான். ரெண்டு தினுசு இரும்ப மடிச்சு மடிச்சு அடிச்சது இது. ஒண்ணு கறுத்துப்பூடும், ஒண்ணு வெள்ளையா நிக்கும். அத்தான் இந்தக் கறுப்பு. வூட்டுப் பொம்பளைங்கள கிட்டவே வுடமாட்டான். வெசமாச்சே.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். தொடாதே, ஆகாது... பெரியப்பா சொன்னது அந்த விஷத்தைத்தானா?

ஆனாலும் பெரியம்மா சட்டென்று நம்பிவிடவில்லை. “அப்போ இந்த வெளுத்த எடத்துல அந்த ரெண்டு இரும்பு எங்கடி?”

“ஒரு எலுமிச்சம்பயம் குடு. காட்றேன்.”

வெளுத்த நுனியில் நாலு சொட்டுப் பிழிந்தாள். காத்திருந்தோம். அதற்குள் வளைவுக் கணக்கைச் சொன்னேன். கத்தியைத் தொடாமல் விரலை மேலே ஓட்டி எண்ணினாள்.

“பதிமூணு. நுனிகிட்ட கீற சின்னத வுட்டுட்ட. கணக்கு வாத்தியார்னு வெளிய சொல்லிக்காத.”

மூவரும் கத்தியின் மேல் குனிந்தோம்.

துடைத்து வைத்திருந்த வெறும் இரும்பில், ஒரு கோடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அலை வடிந்த ஈரமணலில் வரி விழுமே, அப்படி. மேலே எதுவும் இல்லை, நானேதான் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்திருந்தேன். கோடுகள் உள்ளிருந்து வந்தன. பார்க்காத ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒரு கொல்லன் மடித்த மடிப்பு, எங்கள் துவைக்கல்லின் மேல் மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கோயில்பிள்ளையைப் பாத்து வருஷப் பூசைக்கு அவர் பேரை எழுதிக்கச் சொல்லிட்டு வாடா” என்றார்.

இரும்பில் கோடு இருப்பதனால் மட்டும் அந்தக் கத்தி யாரையும் குத்தியதில்லை என்று ஆகிவிடாது. அது எனக்கு அப்போதே தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு கோயில்பிள்ளையைத் தேடிப் போனேன்.

இப்போது அந்த வீடு இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. மீன் ஐஸ் பெட்டியில் வருகிறது. இன்னா பண்ணிக்கினு கீற என்று கொல்லைப்பக்கம் வந்து கேட்க ஆளும் இல்லை, கொல்லையும் இல்லை. கத்தி என்னிடம்தான் இருக்கிறது. பருத்தித் துணியில் மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். மழைக்காலத்தில் உறையைத் தனியே வைத்துவிடுவேன். அவ்வளவுதான், புளி இல்லை. பழம்பொருள் தெரிந்த ஒரு இளைஞர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார். “நல்ல வேலைப்பாடு சார். இந்த நுனியை யார் இப்படிக் கெடுத்தது?” என்றார். நான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

இத்தனை வருடமும் அப்படித்தான் குனிந்து வந்திருக்கிறேன். இப்போது எழுதியதைத் திரும்பப் படிக்கும்போதுதான் உறைக்கிறது. அந்த இரண்டு விரல் இடம் வெளுத்திருக்காவிட்டால் எலுமிச்சையை எங்கே பிழிந்திருப்பாள்? கறையின் மேல் பிழிந்திருந்தால், ரத்தம்தான் கரைகிறது என்று சொல்லியிருப்பார் பெரியம்மா. பெரியப்பாவுக்கு அந்தப் பூசை நடந்திருக்காது.

மேலே போட்ட வரிசையில் மூன்றாவதில் ‘பாழாக்கியது’ என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.