நீலத் திரையில் அம்மாவின் பெயர்

நேற்று சனிக்கிழமை, விழுப்புரத்தில், பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் ஒரு மணி நேரம் நின்று குழம்பினேன். கேம் கன்சோலுக்கு எந்த மானிட்டர் சரி?

கேம் ஆடுவதற்காக இல்லை. துபாயிலிருந்து லீவில் வந்த கோட்டக்குப்பம் நண்பன் அன்வர், தன் பழைய கன்சோலை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "லினக்ஸ் போட்டுக்கோ மச்சி... முழு கம்ப்யூட்டர்டா இது!"

அந்த மென்பொருளைப் போட்டேன். ஓடியது. ஆனால் எங்கள் வீட்டு டி.வி.யில் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அதில் எப்படி புரோகிராமிங் பழகுவது?

மானிட்டர் வாங்கச் சொல்லி அவசரப்படுத்தியது அம்மாதான். இரண்டு மாதம் முன்பு, "கண்ணு மசமசன்னு இருக்குதுடா" என்றாள். பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "எனக்கு அப்பவே சரியாப் போச்சு. நீ மொதல்ல உன் பொட்டிய வாங்கு." நம்பிவிட்டேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு, அம்மா வேர்க்கடலை பொறுக்கி அரைத்த மல்லாட்டைத் துவையலில் இரண்டு முறை கல் கடிபட்டது. "எனக்குப் பல்செட்டு வாங்கி வெச்சிடும்மா" என்று கிண்டல் வேறு செய்தேன்.

"எதுன்னு ஜல்தி சொல்லு தம்பி" என்றார் கடைக்காரர். கடையில் இருந்தது இரண்டுதான்; சின்ன மானிட்டரில் கன்சோல் வயரை நேராகச் செருகலாம். பெரியது பழைய மாடல், நடுவில் கன்வெர்ட்டர் மாட்ட வேண்டும். சின்னதுதான் புத்திசாலித்தனம். ஆனால் என்னைத் தவிர யாருக்கும் படிப்பு வாசனையே இல்லாத எங்கள் வீட்டில், அம்மா கையெழுத்துக்காகக் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை அவள் பெயர் — அஞ்சலை. லினக்ஸ் திறந்ததும் முதலில் அது பெரிதாக வரும்படி செய்து வைத்திருந்தேன்.

பெரியதை வாங்கிவிட்டேன்.

வீட்டில் அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னால் குனிந்து கன்வெர்ட்டரில் வயரைச் செருகினேன்.

"உன் பேரு வருதா பாரும்மா."

"வந்துட்டுதுடா! அஞ்சலைன்னு எவ்ளோ அழகா போட்டிருக்குது!"

"நெஜமாவா?"

"பின்ன? எம் பேரு எனக்குத் தெரியாதா? வந்துட்டாரு பெரிய படிப்பாளி!"

சிரித்துக்கொண்டே முன்னால் வந்தேன்.

திரை முழுக்க நீலம். கன்சோலிலிருந்து எதுவும் வரவில்லை என்று நடுவில் ஆங்கிலத்தில் 'நோ சிக்னல்'. அவ்வளவுதான். அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாம்மா இப்படி?"

சிரிப்பு நின்றது. "நீயே இதுக்காவ அலைஞ்சிக்கினு இருந்த... இது முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

வீட்டில் ஒருவன் படித்துவிட்டால், அவன் காட்டுவதெல்லாம் தெரிகிறது என்று மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். தலையாட்டுகிறவர்களின் கண்ணைப் பார்க்கத்தான் எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை... அல்லது நான் கவனிக்கவில்லையோ?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மானிட்டர் இன்னும் 'நோ சிக்னல்' என்றுதான் காட்டுகிறது.

காட்டட்டும்.