அருளப்பன் அணைத்த விளக்கு

பொறியாளர் அருளப்பன் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி, கரையில் மீன் ஏலம் முடியும் நேரத்தில் வந்தது. நினைவு மலருக்குச் சில வரிகள் வேண்டும் என்று அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தார் கேட்டார்கள். பனித்திட்டுப் படகுச் சங்கச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். புகழ்ந்து எழுத என்னால் ஆகாது.

அந்த நிலையம் எங்கள் ஊருக்கு மேற்கே, வயல் நடுவில் இருக்கிறது. சிறு செயற்கைக்கோள் ஒன்று வானில் கடக்கும் சில நிமிடங்களில், அது அனுப்பும் மிக நுண்ணிய ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவியாக்குவார்கள். எங்கள் கரைவிளக்கின் வெளிச்சம் அதைக் கெடுத்தது.

விளக்கை அணைக்கச் சொல்லி அருளப்பன் வாரம் தவறாமல் வந்து கேட்டார்.

"ஏழே நிமிஷம்ணா. அணைச்சிட்டு உடனே போட்டுடலாம்."

"அந்த நேரத்துல படகு வந்தா, எதப் பாத்து கரைக்கு வருவான்?" என்றேன்.

ஒரு விடியற்காலை விளக்கு அணைந்தது. என் தம்பி முருகனின் படகு கல் தடுப்பில் மோதியது. ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தோம். அன்று மாலை, யாரும் கூப்பிடாமலே அவர் கரைக்கு வந்தார்.

"கரண்ட் போவல. நான்தான் அணைச்சேன்."

சட்டையைப் பிடித்தேன். "உனக்கு வேணுங்கறது கெடச்சுதா?"

"கெடச்சுது," என்றார். அப்போதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

போலீசிலும் அதையே சொன்னார். வேலையிலிருந்து சில மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த நாட்களில் அனுமதி வாங்கி, தானே கம்பத்தில் ஏறி, விளக்குக்குத் தகர மறைப்பு பொருத்தினார். வெளிச்சம் கடல் பக்கம் மட்டும் போனது. இரண்டு நாள் வேலை.

"இது முன்னாடியே தோணலியா?" என்று கேட்டேன்.

"தோணுச்சு. அனுமதிக்கு மூணு மாசம் ஆவும்னாங்க. எனக்குப் பொறுமை இல்லண்ணா."

அந்த மூன்று மாதத்தின் விலை ஒரு கால். இன்றும் என்னால் அதை ஜீரணிக்க முடியவில்லை.

அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று முருகன் பிடிவாதம் பிடித்தான். அவரது ஊரான ஒதியம்பட்டுக்கு பைக்கில் கூட்டிப்போனேன். குழியருகே ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான். அவன் விழாமலிருக்க இடுப்பை இரு கையாலும் பிடித்திருந்தேன். பிடித்திருக்காவிட்டாலும் நான் மண் எடுத்திருக்கமாட்டேன்.

அருளப்பன், உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. போய்ச் சேருங்கள்.