மின்கம்பத்தில் தட்டிய கோல்

எங்கள் பள்ளி பேண்டுக் குழுவின் லீடர் ஏந்தி நடக்கும் கோலின் தலையில் ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. அதன் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இந்தச் சுதந்திர தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக என்னை அழைக்க வந்த இன்றைய தலைமையாசிரியர், நசுங்கலை எடுத்து மெருகேற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

நான் அப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் திருத்தணியில் எங்கள் பேண்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அப்பெயரைக் காப்பது லீடரின் பொறுப்பு என்று விதித்திருந்தேன். சிறுவர்களின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தாலும் லீடரைத்தான் கேட்பேன். முன்னே நடக்கும் லீடர் திரும்பிப் பார்க்கலாகாது; பின்னால் நடப்பதைக் காதால் அறிய வேண்டும். அணிவகுப்பு நடுவழியில் நின்றுவிட்டால், காரணம் எதுவாயினும் கோலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த லீடரின் பெயரைச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு.

ஓராண்டு, அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி லீடராக இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். அவ்வாண்டு ஆடிக் கிருத்திகையும் சுதந்திர தினமும் அடுத்தடுத்து வந்தன. கொடியேற்றும் மைதானத்தில் அதிகாரி ஒருவர் காத்திருக்க, பேருந்து நிலையச் சாலையில் எங்கள் பேண்டு வந்துகொண்டிருந்தது. நான் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே பொதட்டூர்பேட்டைக் காவடிக் கூட்டம் பம்பை முழங்க வந்தது. எங்கள் பெரிய டிரம் வாசித்தவன் அதே ஊர்ப் பையன். ஆண்டுதோறும் காவடி எடுக்கும் வீடு. பிறந்தது முதல் கேட்ட பம்பை அவன் கையை இழுத்துக்கொண்டது. டிரம் காவடி அடிக்கு மாறியது; டிரம்மை நம்பி நடந்த கால்கள் அத்தனையும் ஆடத் தொடங்கின.

"இன்னாடா இது, பள்ளிக்கூடமே காவடி எடுத்துகினு போவுது?" என்றார் ஒரு பூக்கடைக்காரர். சாலையே சிரித்தது.

அவள் திரும்பினாள். கோலைக் குறுக்காக உயர்த்தினாள். பேண்டு ஓய்ந்தது. பிள்ளைகளை ஓரமாக நிறுத்திக் காவடிக்கு வழிவிட்டாள். கூட்டம் கடந்த பின்னும் பம்பை அடங்கவில்லை; கடைசி வரிசைக்கு அவள் சைகையும் தெரியவில்லை. அருகிலிருந்த இரும்பு மின்கம்பத்தில் குமிழால் ஓங்கித் தட்டினாள். இடது, வலது, இடது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு கால்கள் மறுபடி ஒன்றாயின. மைதானத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிற்பகலில் அவளை அறைக்கு அழைத்தேன். அவள் உள்ளே வருமுன், சன்னலுக்கு வெளியே டிரம் பையனின் அழுகுரல் கேட்டது.

"நான்தான்னு சார் கிட்ட சொல்லிடறேன்க்கா."

"சும்மா கெட. சொல்லிட்டின்னா நாளைக்கு உன் கையில எவன் டிரம்ம குடுப்பான்? எனக்கு இதான் கடைசி வருசம்."

உள்ளே வந்து கோலை என் மேசைமேல் வைத்தாள். யார் தவறியது என்று கேட்டேன். "பேண்டு நின்னது நான் சொல்லித்தான் சார்" என்றாள். அது உண்மை. கோலைப் பெற்றுக்கொண்டேன். விதியை வகுத்தவனே அதைத் தளர்த்தினால் பள்ளியை நடத்த முடியாது. இன்றும் அப்படித்தான் கருதுகிறேன்.

அடுத்த லீடராக யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அந்த டிரம் பையனைச் சொன்னாள். என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"நின்னுபோன பேண்ட எப்டி கெளப்பறதுன்னு அவன் பாத்துட்டான் சார். மத்தவங்களுக்கு நடத்த மட்டுந்தான் தெரியும்."

மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் கோலை அவனிடம் கொடுத்தேன். அவள் கடைசி வரிசையில் சிறிய டிரம்முடன் நின்றாள். ஆண்டு முடியும்வரை அங்கேயே வாசித்தாள்.

இவ்வாண்டும் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஊரில் இருந்தது. கொடிக்கம்பத்தடியில் நான் காத்திருந்தேன். தொலைவில் பேண்டு கேட்டது, பிறகு நின்றது. பம்பை மட்டும் முழங்கியது. தலைமையாசிரியர் பதறி, காவடி எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்பது பிள்ளைகளின் வழக்கம், யார் தொடங்கி வைத்தது என்று தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"வரட்டும்" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில், பேருந்து நிலையப் பக்கமிருந்து, இரும்பில் பித்தளை தட்டும் ஓசை கேட்டது.