கொட்டாங்கச்சித் தண்ணீர்

போன வாரம் கொள்ளுப்பேத்தி ஒரு பிளாஸ்டிக் கோப்பையை நீட்டி, "டீ குடி" என்றாள். வெறும் கோப்பைதான். நீங்கள் சிரிப்பீர்கள், சர்க்கரை வியாதிக்காரி நான், "சர்க்கரை கம்மிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உறிஞ்சினேன். உறிஞ்சிய சத்தம் காதில் விழுந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

உறுவையாறு கிராமத்தில் நாங்கள் இருந்தது பிரெஞ்சுக்காரன் காலம். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் வேறு ஆளாகிவிடுவாள். கல்லாங்காய் ஆடினால் இரக்கமே கிடையாது. "கை அசஞ்சிது, குடுடி இங்க" என்று கல்லைப் பிடுங்கிக்கொள்வாள். அழுதும் பார்த்திருக்கிறேன், பலிக்கவில்லை. தங்கை பவுனுவை மடியில் போட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டும்போதோ குழந்தையைவிட அவள்தான் அதிகம் சிரிப்பாள். பவுனு மண்ணில் சோறாக்கினால் அம்மா விருந்தாளி. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, "இன்னா சம்மந்தி, இன்னா கொழம்பு?" என்பாள்.

"கருவாட்டுக் கொழம்பு. துன்னு."

கொட்டாங்கச்சி மண்ணை அம்மா சப்புக்கொட்டிச் சாப்பிட்டு ஏப்பமும் விடுவாள். பவுனுவுக்கு மூன்று வயது. அவளுக்கு அது சோறேதான்.

ஒரு வருஷம் மழை விட்ட கையோடு ஊரில் வாந்திபேதி வந்தது. விடியற்காலையில் பவுனு விழுந்தாள். கண் குழிந்து உள்ளே போய்விட்டது. "தண்ணி, தண்ணி" என்றாள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அம்மா சொல்லி, பானையைத் தோட்டத்தில் ஒளித்து வைத்தவள் நான்.

குழந்தை கேட்கக் கேட்க அம்மாவுக்குத் தாங்கவில்லை. வெறும் கொட்டாங்கச்சியை எடுத்து அவள் உதட்டில் வைத்தாள். "குடி சம்மந்தி. ஜில்லுனு இருக்குதா?"

பவுனு உறிஞ்சினாள். தலையாட்டினாள். மறுபடியும் உறிஞ்சினாள். மூன்றாம் தடவை, "இதுல தண்ணி இல்லம்மா" என்றாள். உச்சிவேளைக்குள் அடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா எந்தப் பிள்ளையோடும் விளையாடவில்லை. என் பிள்ளைகளோடும்தான். வெகுகாலம் கழித்து, தடுப்பூசி போட வந்த நர்சம்மா தெருப் பெண்களை உட்காரவைத்து, பேதியானால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள்.

"எவ்ளோ குடுக்கலாம்?" என்றாள் அம்மா.

"கேக்குற மட்டும் குடுங்க."

அம்மா எழுந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் முழுக்க எழவில்லை.

அம்மா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பவுனு என்று ஒருத்தி பிறந்ததற்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. அவள் குரலைக் கேட்டவர்களில் நான் ஒருத்திதான் பாக்கி. அவளைப் புதைத்த ஆற்றங்கரையை எந்த வருஷத்து வெள்ளமோ அறுத்துக்கொண்டு போயிற்று. இந்த இடம்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று ஒருமுறை கூட்டிப்போனேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை.