மாலிஸின் கழிவுக் குழாய்

மாலிஸுக்கு நாற்பத்தேழு வயது. முதுகைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். மேகோங் ஆற்றங்கரையில் பிரெக் சம்ரோங் கிராமத்துத் தண்ணீர் நிலையத்தை நாலு வருஷமாக ஒற்றை ஆளாக ஓட்டுகிறாள். விடிந்ததும் மோட்டார் போட வேண்டும், மணல் தொட்டியைக் கழுவ வேண்டும், இருபது லிட்டர் கேன்களை நிரப்பி வண்டியில் ஏற்ற வேண்டும். மாதம் ஒருமுறை, விஷத்தை வடிகட்டும் மெம்பரேன் சவ்வை மருந்துத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அன்றைக்குக் கை எரிகிற எரிச்சலில் சோறு இறங்காது.

அவள் உள்ளங்கை முழுக்கச் சோளமணி மாதிரி தடிப்புகள். பதினைந்து வருஷம் அடிபம்புத் தண்ணீரைக் குடித்ததற்குக் கிடைத்த கூலி. அந்தத் தண்ணீரில் கலந்திருந்த ஆர்செனிக் விஷத்துக்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. அதனால் அதிகாரிகள் வந்து சொன்னபோது ஊர் நம்பவில்லை. மாலிஸ்தான் வீடு வீடாகப் போய்க் கையை விரித்துக் காட்டினாள். "என் கையைப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்." ஊரை நிலையத்துத் தண்ணீருக்குத் திருப்புவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

மெம்பரேன் வீம்பு பிடித்த சாமான். நிலத்தடித் தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே விட்டால் ஒரு லிட்டர்தான் நல்லதாகத் தரும். மிச்ச இரண்டு லிட்டர் விஷத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு கழிவுக் குழாயில் போகும். பிப்ரவரியில் கழிவுக் குழிக்குப் போகும் அந்தக் குழாய் உடைந்தது. மாலிஸ் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி வேலிக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் உடம்பு அசதிதான். அதற்கு மறுநாளும்தான்.

ஏப்ரலில் புத்தாண்டு முடிந்த வாரம், வேலிப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சருன் அண்ணன் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பார்த்தா தெரியலையா? செத்துப்போன உன் அண்ணி பேர்ல கோயில் வாசல்ல தண்ணிப் பானை வச்சிருக்கேன்ல, அதுக்குத்தான். இந்த வெயில்ல இவ்வளவு தண்ணி மண்ணுக்குப் போகுதேன்னு வயிறு எரிஞ்சுது."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. ஏன், இதுக்கும் காசு கேப்பியோ?"

பள்ளிப் பிள்ளைகள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள், புத்த பிட்சுகள் என்று அந்தப் பானையில் குடிக்காத ஆள் ஊரில் கிடையாது. சொல்லாமல் இருந்துவிடலாம். குழாயை வெட்டிப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னாலோ, பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை போச்சு. ஊர் மறுபடி அடிபம்பைத் தேடிப் போகும். ஐயோ, இத்தனை வருஷம் மாடாய் உழைத்தவளுக்கு இதுவும் வேண்டுமா!

மாலிஸ் கோயில் வாசலுக்கு நடந்தாள். பானையைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

"அடிப்பாவி! புண்ணியத் தண்ணியைக் கொட்டுறியே!" பின்னாலேயே ஓடிவந்த சருன் கத்தினார். நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"இது விஷம்ணே. மெஷின் கழிச்சு விட்ட தண்ணி. பம்புத் தண்ணியைவிட மோசம். குழாயை அப்படிப் போட்டது நான்தான், தப்பு என்னோடது. இதுல குடிச்சவங்க எல்லாரும் நாளைக்கே ஆஸ்பத்திரில காட்டிடுங்க."

ஒருத்தி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். சருன் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அவ பேர்ல நான் ஊருக்கு விஷமா குடுத்தேன்?"

"உங்களுக்குத் தெரியாதேண்ணே."

"உனக்குத் தெரியுமே."

மாலிஸ் பானையை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். நிலையத்திலிருந்து மூடி பிரிக்காத கேன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து ஊற்றினாள். சிரட்டையில் மொண்டு, எல்லோரும் பார்க்க முதலில் தானே குடித்தாள். பிறகு இன்னொன்று மொண்டு சருனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இது எந்தக் குழாய்த் தண்ணி?"

நாலு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நல்ல தண்ணிதாண்ணே," என்றாள்.

சருன் குடிக்கவில்லை. சிரட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.