ஒரே ஒரு சார்ஜ் கேட்டவர்கள்

1. எல்லோரும் கேட்கிற கேள்வி

பேட்டரி வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "எத்தனை நாள் உழைக்கும்?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனி. லித்தியம் செல்களை வாங்கி, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து, பேட்டரி பேக்காகக் கட்டி விற்போம். டெஸ்டிங் பிரிவு என் பொறுப்பு. டெஸ்ட் ரிப்போர்ட்டில் மீனாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் பேக் வாசலைத் தாண்டும்.

விழிஞ்ஞத்து மீன்பிடிக்காரர்கள் படகு விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் எங்களிடம்தான் வாங்குவார்கள். அவர்களை விடக் கறாரான இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை. ஒருவர் செத்துப்போன பேக்கை என் மேஜையில் டொம்மென்று வைத்துவிட்டு, "சேச்சி, நடுக்கடல்ல வெச்சு இது கண்ணை மூடிடுச்சு. நான் அங்க தீப்பெட்டி உரசிக்கிட்டா நிக்கணும்?" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது நியாயம்.

அதற்காகத்தான் சைக்கிள் டெஸ்ட். பேக்கை மிஷினில் மாட்டி, சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, வாரக்கணக்கில் ஓடவிடுவோம். கூடவே ஒவ்வொரு பேக்கிலும் கட்-ஆஃப் போர்டு என்று ஒன்று இருக்கும். சார்ஜ் மிகவும் குறைந்தால் அது தானே லைனைத் துண்டித்துவிடும். அடியோடு காலியாகிவிட்டால் பேட்டரி மறுநாளைக்கு உதவாது என்பதால் இந்த ஏற்பாடு.

2. மறுநாள் தேவைப்படாதவர்

கம்பெனிக்குக் கஷ்டகாலம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிவிட்டார். முதலாளி பிரதீப் ஸார் பாலக்காட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். அந்த நாட்களில் எந்த மொழியிலும் பேசவில்லை. அப்போதுதான் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. சர்வே ட்ரோனுக்கு பேக் வேண்டுமாம். எடை குறைவாக வேண்டும், கட்-ஆஃப் போர்டு வேண்டாம், மட்டமான செல் போட்டாலும் பரவாயில்லை, சைக்கிள் டெஸ்டும் தேவையில்லை என்று கேட்டிருந்தார்.

பொன்முடிப் பக்கம் எஸ்டேட் நிலத்தை அளக்கிற குழுவுக்கு நாங்கள் சர்வே ட்ரோன் பேக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் ஒரே நாளில் பலமுறை ஏற்றி இறக்குவார்கள், ஒரு பேக் லேசாக உப்பினாலும் போனில் பிடித்துக்கொள்வார்கள். இந்த மனிதரோ எதற்கும் சரி என்கிறார். குறை சொல்லாத வாடிக்கையாளர் என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

வீடியோ காலில் வந்தார். மரியாதையான ஆள், சிரித்த முகம். பக்கத்தில் பிரதீப் ஸார் உட்கார்ந்திருந்தார். "எத்தனை சார்ஜ் வரை தாங்க வேண்டும் என்று சொன்னால் அதற்கேற்ற செல் போடுவேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

"ஒன்று போதும், மேடம்."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவரே நினைத்துக்கொண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பிரதீப் ஸார் மெதுவாக மைக்கை அணைத்தார். ஒரு தடவை மேலே போகிற சர்வே ட்ரோன் எந்த நிலத்தையும் அளக்கப் போவதில்லை, போய் விழுந்து வெடிக்கத்தான் போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

3. முதலாளியின் அறை

"மீனாட்சி, நாம பேட்டரிதானே உண்டாக்கறோம்? குண்டொண்ணும் இல்லல்லோ" என்றார் ஸார், அறைக் கதவைச் சாத்திவிட்டு.

"குண்டைச் சுமந்துக்கிட்டுப் போறது நம்ம பேட்டரிதானே ஸார்?"

"அவங்க நாட்டு மேல ஒருத்தன் வந்து அடிக்கிறான்னா திருப்பி அடிக்க வேண்டாமா? டிவியில தினமும் பாக்கிறோமே, பெரிய பெரிய நாடெல்லாம் ஆயுதம் கொடுக்கலாமா வேண்டாமான்னு தர்க்கம் பண்ணிட்டுக் கடைசியில கொடுக்கத்தானே செய்யறாங்க? நாம மட்டும் எந்தா புத்தனா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதில் பாதி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடி வாங்குகிறவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் எங்களிடம் பேசியது ஒரு நாடு இல்லை. ஒரு வியாபாரி. அவர் யாருக்கு விற்பார், அடிக்கிறவனுக்கா அடி வாங்குகிறவனுக்கா, எங்களுக்குத் தெரியாது.

"யாருக்குப் போகுதுன்னு அவர் எழுதித் தரட்டும். அப்புறம் பேசலாம்" என்றேன்.

ஏற்றுமதி விதிகள் தெரிந்த ஒரு கன்சல்டன்டையும் ஸார் கேட்டார். அவர் செல்லின் வகை, வோல்டேஜ், எடை எல்லாவற்றையும் விசாரித்தார். இந்த பேக்குக்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதை மட்டும் அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ட்ரோன், சிப், மென்பொருள் என்று தொழில்நுட்பத்துக்குக் கடிவாளம் போடுவதைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும், வேண்டியதுதான். ஆனால் பொருளைப் பார்த்து எழுதுகிற விதிக்கு, வாங்குகிறவன் விரலைத் தூக்கி 'ஒன்று' என்று காட்டியது எப்படித் தெரியும்? அதைப் பார்த்தது நானும் ஸாரும்தான்.

வியாபாரியிடம் கேட்டோம். 'எங்கள் வாடிக்கையாளர்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸார் நினைத்திருந்தால் வேறு ஆளை வைத்துப் போட்டிருக்கலாம். இரண்டு நாள் என் முகத்தையே பார்க்காமல் நடந்தார், பிறகு ஆர்டரை விட்டுவிட்டார்.

அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, லதா கொடுத்தாள். ஒரு தயாரிப்பு லைனை மூட வேண்டி வந்தது. மார்த்தாண்டத்துப் பெண் அவள். கல்யாணமாகி இங்கே வந்தவள், வெல்டிங்கில் அவள் கைக்கு நிகர் கிடையாது. வேலை போன அன்று என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"ஊரு பேரு தெரியாத ஒருத்தனுக்காக எஞ் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே அக்கா. நீங்க நல்லவங்கதான். நல்லா இருங்க."

அவள் கத்தியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துக்கொண்டேன். நான் செய்தது சரி என்ற எண்ணம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூட ஆறுதல் தரவில்லை.

4. இரண்டாவது ஆர்டர்

பிறகு நம் எல்லையிலேயே பதற்றம் வந்தது. வீட்டுக்கு வீடு டிவி அலறியது, அதில் ட்ரோன் பேச்சுத்தான். கொஞ்ச நாளில் எங்களுக்கு ஓர் ஆர்டர் வந்தது. இந்த முறை நம் நாட்டுக் கம்பெனி, நம் ராணுவத்துக்காக. அதே மாதிரி லேசான பேக். அந்த இன்ஜினியரிடமும் நான் கேட்டேன், எத்தனை சார்ஜ் என்று. அவர் சுற்றி வளைக்கவில்லை. எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று சொல்லிவிட்டு, "ஒன்று" என்றார்.

பிரதீப் ஸார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

சைக்கிள் டெஸ்டுக்கு வேலையில்லை. ஆனால் ஏவுகிறவன் கையிலேயே அது தீப்பிடிக்கக் கூடாது. குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, மாதக்கணக்கில் கிடந்த பிறகும் முதல் தடவையே சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வெல்டிங் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். லதாவுக்குப் போன் செய்தேன்.

வருவாள் என்று நான் நம்பவில்லை, வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் கையிலிருந்த பேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்-ஆஃப் போர்டு இல்லாததைக் கண்டுகொண்டாள்.

"அன்னைக்குப் போவாத சாதனம்தானே அக்கா இது? இன்னைக்கு மட்டும் எப்படிப் போவுது?"

"அன்னைக்கு யாருக்குன்னு சொல்லல, லதா. இன்னைக்குச் சொல்லிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை. இது நம்ம ஆளுங்களுக்கு. அதுவும் உண்டு" என்றேன்.

லதா தலையாட்டினாள். "என் தம்பி பட்டாளத்துலதான் இருக்கான், முன்னமே சொல்லியிருக்கேனே, ஓர்மை இருக்கா? சண்டை நேரத்துல ரெண்டு நாளு போன்ல விளிக்கவே இல்ல. அப்போ ஒண்ணு தோணிச்சு. அன்னைக்கு நீங்க ரிப்போர்ட்டுல ஒப்பு போட்டிருந்தா, அந்த வியாபாரி அதைக் கொண்டுபோய் எவன் கையில வித்திருப்பான்? எந் தம்பி தலைக்கு மேலயே வந்திருந்தா? அதை நெனச்ச பொறவு உங்க மேல உள்ள கோவம் போச்சு."

எத்தனையோ நாள் மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்த வார்த்தையை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்த நிம்மதியை நான் முழுசாக அனுபவிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"செரி, இதுவும் கைமாறி வேற எங்கயும் போவாதுன்னு யாரு சொல்லுவா?"

பேக்கில் நம்பர் போடுகிறோம், பெட்டிக்கு சீல் வைக்கிறோம், ஒப்பந்தத்தில் எழுதுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது அது இல்லை என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

"தெரியாது, லதா."

"நீங்களாவது தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றாள். குனிந்து முதல் புள்ளியை வெல்டு செய்தாள். அந்த லாட்டில் ஒரு பேக்கைக்கூட நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு முறை வந்தாலும் போடுவேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பொருள் எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது என்று கேட்பதும் டெஸ்டிங் வேலைதான். நமக்குப் பிடித்தவர்கள் வாங்கினாலும் கேளுங்கள். பதில் கிடைத்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பதில் கிடைத்தது, கையெழுத்தும் போட்டேன். அந்த பேக்குகள் போய் விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.